கம்பெனிக்குப் பேர் மாறுகிறது, சகலை

ஜனவரி 11

சகலைக்கு,

ஆற்றின் மேல் புதுப் பாலம் திறந்த வருஷம் அது. கண்ணாடித் தொழிற்சாலையில் நாற்பது நாள் கதவடைப்பு. முழுக் கிரகணத்தன்று பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்ததும், சர்க்கஸ் சிங்கம் கூண்டை விட்டு வந்து வங்கி வாசலில் படுத்துக்கொண்டதும் அந்த வருஷம்தான். அதே வருஷம், மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம் ரேடியோ கம்பெனி முதல்முதலாகக் காற்றில் ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ள முடியும். நம்பர் போட்டுச் சொல்கிறவர்கள் மறந்துபோவார்கள். எனக்கு மறக்காது. நீங்கள் மறந்துவிட்டது போலத் தெரிகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்றுக் காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் வந்து, மார்ச் பதினைந்திலிருந்து கம்பெனிக்குப் புதுப் பேர் என்று சொன்னாள். இப்போது ரேடியோவோடு நிற்காமல் என்னென்னவோ செய்கிறார்களாம், பழைய பேர் பற்றவில்லையாம். போகட்டும். அடுத்துச் சொன்னாள் பாருங்கள்: "எங்கள் பெயரை முதன்முதலில் ஒலிபரப்பியவரும், முதல் நாள் ஊழியர்களில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே ஒருவருமான மூத்த அறிவிப்பாளர் மேடைக்கு வந்து புதுப் பெயரையும் உச்சரிப்பார்" என்று. உங்கள் பேரையும் சொன்னாள்.

கன்னத்தில் பாதி சோப்போடு கண்ணாடியில் பார்த்தேன். செத்தவன் மாதிரித் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் மாடி வீட்டு நர்ஸம்மா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். யாருக்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னதும், "அவரா! அந்தக் குரலா!" என்று ஓடிப்போய் நல்ல பேனாவை எடுத்து வந்தார். எனக்கு இன்ஷூரன்ஸ் தாள் நிரப்பும்போது பென்சில்தான்.

ஒரே ஒரு கேள்வி. நான் செத்துவிட்டேன் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் சகலை


ஜனவரி 19

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்து மிகவும் வருந்தினேன். தாங்கள் காலமாகிவிட்டதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நிறுவனம் முதல் நாள் ஊழியர் பட்டியலை எனக்கு அனுப்பி, எவரெவர் இருக்கிறார்கள் என்று கேட்டது. பட்டியலில் பத்துப் பேர். தங்கள் பெயர் அதில் இல்லை. பதிவேட்டின்படி தாங்கள் பணியில் சேர்ந்தது எட்டு மாதம் கழித்து, ஒலிபரப்புக் கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் விளக்கு மாற்றவும். அதற்கு முன்பு தினக்கூலி. இதில் இகழ்ச்சி எதுவும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் நாள் புகைப்படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாங்கள் இல்லை. ஒருவரைப் பற்றி மட்டும் எனக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் போய்விட்டதால் அவரும் இருக்க மாட்டார் என்று எழுதிவிட்டேன்.

அண்ணா, ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மகனோடு இவ்வளவு தூரம் வந்து, குரலைக் கேட்டு அடையாளம் சொல்ல ஓர் ஆளில்லாத ஊரில் இருக்கிறேன். முன்பெல்லாம் வாடகை வண்டியில் ஏறி "வலப்பக்கம் திரும்புங்கள்" என்றாலே ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். இங்கே "சத்தமாப் பேசுங்க பெரியவரே" என்கிறார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சொல். அதைத் தாங்கள் எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா?

அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று இவள் கேட்கச் சொன்னாள். எப்போதும் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறாள்.

தங்கள் அன்புள்ள,
சகலை


ஜனவரி 27

சகலைக்கு,

நர்ஸம்மா வாசித்தார். ஆனால் என் காதில் உங்கள் குரல்தான் விழுந்தது. அவ்வளவு பழக்கம். விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள். நான் விட்டுக்கொடுத்ததை ஒரு தடவை எண்ணிப் பார்ப்போமா?

நம் மாமனார் வீட்டு ஓடு மாற்ற நான் கூரையில் ஏறுவேன். கீழே அத்தை ரேடியோவை முழுசாகத் திருகி வைப்பார்கள். "கொஞ்சம் தட்டாம இருங்க மாப்பிள்ளை, மாப்பிள்ளை பேசுறார்." உச்சி வெயிலில் சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் வானிலை சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். "வெப்பம் அதிகமாக இருக்கும்" என்பீர்கள். எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரியும் அப்படித்தான். மணிக்கு ஒரு தடவை நீங்கள் கம்பெனி பேர் சொல்லும்போது, நான் பேசிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். "தங்கச்சி வீட்டுக்காரர்." அந்தக் குரல் எந்தக் கம்பியின் உச்சியிலிருந்து போகிறதோ அந்தக் கம்பியில் ஏறி, முந்நூறு அடி மேலே காற்றில் ஆடிக்கொண்டு விளக்கு மாட்டிவிட்டு வந்தவன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளும் "இதை ஏத்தினவர் இவர்தான்" என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். பூதக்கண்ணாடியை மறுபடி எடுங்கள். மைக்குக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சுவர் மாதிரி ஒன்று தெரியும். அது சுவரில்லை, கம்பளி. எதிரொலியைக் குடிக்கும் பலகைகள் கப்பலில் வந்து சேரவில்லை. அறை வெறும் சிமெண்டு, கிணற்றில் பேசியது போல எதிரொலித்தது. இஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம்தான் சுமை தூக்க வந்த எங்கள் மூன்று பேரையும் மூன்று பக்கம் நிறுத்தி, கையைத் தூக்கிக் கம்பளியைப் பிடிக்கச் சொன்னார். "மூச்சு விடுங்க, இரும மட்டும் கூடாது" என்றார். பதினோரு நிமிஷம் பிடித்தோம். கம்பளியின் மேல் விளிம்பில் எட்டு விரல் தெரியும். அது நான். மற்ற இரண்டு பேரும் மறு வாரமே துறைமுக வேலைக்குப் போனார்கள், இரண்டு பேர் சாவுக்கும் போய் மாலை போட்டுவிட்டேன்.

கம்பளியில் ஒரு கிழிசல் இருந்தது. அது என் கண்ணுக்கு நேரே வந்தது. மிச்சத்தையும் சொல்லவா?

உங்களுக்கு இருபத்திரண்டு வயது. இரவல் கோட்டு, தோளில் பெரிசு. சிவப்பு விளக்கு எரிந்தது. நீங்கள் வாயைத் திறந்தீர்கள். காற்றுகூட வரவில்லை. நான் நாலு எண்ணினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஞ்சினியர் முகம் வெளுத்துவிட்டது. அப்போது உங்கள் பக்கத்தில் தாள் பிடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அக்கா குனிந்தார். மைக்கில் கம்பெனியின் பேரைச் சொன்னார். முழுப் பேரையும், நிறுத்தி, அழகாக. சொல்லிவிட்டு இரண்டாவது வரியில் விரலை வைத்துத் தாளை உங்கள் மூக்குக்குக் கீழே தள்ளினார். அங்கேயிருந்துதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

முதலில் உச்சரித்தவராம்!

நான் கம்பெனிக்குப் போனால் அரைமணி நேர வேலை. சகலை என்பதால் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். நர்ஸம்மா இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இனிமே பென்சில் போதும்" என்கிறார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், மறைக்கவில்லை.

இந்தக் கடிதம் என் கொழுந்தியாள் கண்ணில் படாமல் வையுங்கள்.


பிப்ரவரி 6

அண்ணா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது உண்மை. ஒரு கமா மாற்ற வேண்டியதில்லை. கிழிசல் வழியாக ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம், ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பேரைச் சொல்வதற்கு முன்னால் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். வார்னிஷ் போய் இரண்டு இடம் வெள்ளையாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்காருகிறார் என்று நினைத்தார்கள்.

அந்தம்மாவை ஒரு மாதத்துக்குள் வேலையை விட்டு அனுப்பினார்கள். முதலாளி அதை அவரிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். "பொண்ணு பேசினதுக்காக இல்ல. கேக்காம பேசினதுக்காக" என்றார். நான் இரவல் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். "என்னைக் காப்பாத்தத்தான் பேசினாங்க" என்று ஒரு வாக்கியம். அதுவும் வரவில்லை.

ஆனால் நீங்கள் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? நான் பெண் பார்க்க வந்த அன்று மாமனார் உங்களைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டாராமே. "நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க. இவர்தான் முதல்ல பேசினவரா?" நீங்கள் "ஆமாம்" என்றீர்களாம். இவள்தான் பிறகு சொன்னாள். எனக்கு வீடு, மனைவி, பேர் எல்லாம் உங்களுடைய அந்த ஒரு "ஆமாம்" கொடுத்ததுதான். கொடுத்துவிட்டு இப்போது திருப்பிக் கேட்கிறீர்கள்.

பொறாமை உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்யாணமான முதல் வாரம் மின்விசிறி நின்றது. இவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் முழு வாக்கியம் "அத்தானைக் கூப்பிடுங்க". குழாய் ஒழுகினால் அத்தான். பையன் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதால் அத்தான். நான் கீழே நின்று திருத்தமான உச்சரிப்பில் "பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசாமல் அவனைத் தோளில் போட்டு இறக்கினீர்கள். அன்றைக்கு இவள் உங்களைப் பார்த்த மாதிரி என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கம்பெனிக்குப் போவதென்றால் போங்கள். தடுக்க மாட்டேன்.


பிப்ரவரி 12

சகலைக்கு,

"ஆமாம்" என்று ஏன் சொன்னேன்? நியாயமான கேள்வி.

கொழுந்தியாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் வேறு மாதிரிச் சொன்னால் அந்த இடம் கலையும். அதனால்தான் என்று இவ்வளவு காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். முழுசாக அது இல்லை. அப்போதுதான் எனக்குக் கோபுர வேலை நிரந்தரமாகி இருந்தது. ஊரே கேட்கிற குரல் எனக்குச் சகலை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஆசை. சொன்னேன். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. அப்புறம் நாலு பேரும் என்னைப் பார்த்தவுடன் "உங்க சகலை எப்படி இருக்கார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பது நின்றுபோயிற்று.

உங்கள் கடிதத்தைக் கேட்டு நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு" என்றார். பேனா திரும்ப வந்துவிட்டது. பொய் சொன்னபோதும் கைதட்டு உங்களுக்கு, ஒத்துக்கொண்டபோதும் கைதட்டு உங்களுக்கு. அந்த உண்மையை வெளியே எடுத்தவனுக்கு ஒரு வாய் காப்பி தரவில்லை.

நான் இன்னும் கம்பெனிக்குப் போகவில்லை. சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 20

அண்ணா,

இவள் படித்துவிட்டாள். எல்லாவற்றையும். உங்கள் கடிதங்களை அகராதிக்குள் வைத்திருந்தேன். இந்த வீட்டில் அதைத் தொடுகிறவன் நான் ஒருவன்தான் என்ற நம்பிக்கை. பேரன் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சொல் தேடியிருக்கிறான்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கடிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். நான் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது கத்துவாள் என்று. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தம்மா உயிரோட இருக்காங்களா?"

"தெரியலை" என்றேன்.

"அத்தானுக்கும் தெரியாதா?"

"தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆறு கடுதாசி எழுதியிருக்கீங்க. யார் முதல்ல, யார் கடைசி, யாரு கை தெரியுது, யாரு கண்ணு பாத்துச்சுன்னு. ஒருத்தருக்கும் இதைக் கேக்கத் தோணலை, இல்ல?"

கடிதம் ஐந்துதான், ஆறில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வழக்கம் போல வரவில்லை.

அன்றே கம்பெனிக்கு எழுதிவிட்டேன். முதலில் பேசியவன் நான் இல்லை, டைப்பிஸ்டாக இருந்த அம்மா. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் முதல் நாள் அந்த அறையில் நின்றவர்களில் பொய் சொல்லாமல் மேடையேறத் தகுதி உள்ள ஒரே ஆள் என் சகலை, கோபுரக்காரர். இப்படி எழுதி, உங்கள் முகவரியும் கொடுத்திருக்கிறேன். நான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அண்ணா, நீங்கள் ஆசைப்பட்டது உங்களுக்கு வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் நல்லபடியாகச் சொல்லுங்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டால் வரும்.


மார்ச் 4

சகலைக்கு,

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விழா மேடையில் புதுப் பேரை நான் சொல்ல வேண்டும், நாலாம் தேதிக்குள் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும் என்று. நர்ஸம்மாவை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நாலாவது தடவை கேட்டபோது, "மாத்திரை மாதிரி வேளைக்கு ஒண்ணுதான்" என்றார். அன்று முழுக்க வீட்டில் புதுப் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஒரு தடவை, குளியலறையில் ஒரு தடவை. குளியலறையில் நன்றாக வந்தது.

ஆனால் என் கொழுந்தியாள் கேட்ட கேள்வி செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. டைப்பிஸ்ட் அக்கா அந்தக் காலத்தில் இருந்தது நீதிமன்றத்துக்குப் பின்தெரு. நினைவு இருந்தது. நேற்று அங்கே போனேன். வீடு இல்லை, அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தம். சீட்டுக் கிழிக்கிறவரைக் கேட்டேன். "டைப்படிக்கிற அம்மாவா? லாண்டரி மாடியில இருக்காங்களே" என்றார். இவ்வளவுதான், சகலை. கம்பெனியிலிருந்து மூன்று தெரு. நாம் ஒரு ஆயுள் முழுக்கப் போகாத மூன்று தெரு.

எண்பத்தி நாலு வயது. காது கொஞ்சம் மந்தம். குரல் அப்படியே இருக்கிறது. கம்பெனி துரத்தியபிறகு நீதிமன்ற வாசலில் மேசை போட்டு, முப்பது வருஷம் மனு டைப் அடித்திருக்கிறார். நான் யாரென்று சொன்னேன்.

"கம்பளி பிடிச்சவனா நீ? மூணு பேர் இருந்தீங்க. நீ எந்தப் பக்கம்?"

"பின்பக்கம் அக்கா."

"ஓ, கிழிசல் பக்கம்." சிரித்தார். பிறகு, "அந்தப் பையன் இப்பவாவது நல்லாப் பேசுறானா?"

நீங்கள்தான் அந்தப் பையன். ரிட்டையராகிப் பேரன் எடுத்துவிட்டார் என்றேன்.

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். மணியடிக்கும்போது எங்கே இருந்தாலும், மனு அடித்துக்கொண்டிருந்தாலும், அடுப்பில் பால் இருந்தாலும், நீங்கள் கம்பெனி பேர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே இவர் சொல்லிவிடுவாராம். சத்தமாக. "என் வீட்டுக்காரர் பயந்துட்டார், பைத்தியம்னு. முந்திக்கணும் எனக்கு. அவ்வளவுதான். ஒரு நாள் விட்டதில்லை. அவன் முந்தினதே இல்லை."

சகலை, நான் உங்களைப் பார்த்துப் புழுங்கியதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, அவர் புழுங்கியதை மறு தட்டில் வைத்தால், என்னுடையது பஞ்சு. அப்படித் தெரிந்தும் என்னுடையது போகவில்லை. லாண்டரி மாடிப் படியில் இறங்கும்போதே, 'இவர் படியேறி மேடைக்கு வர முடியாது, முழங்கால் சரியில்லை' என்று ஒரு நினைப்பு வந்தது. சந்தோஷமான நினைப்பு. நாலு படி இறங்கியபிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது. திரும்பி ஏறினேன். என் முழங்காலும் சரியில்லைதான்.

"அக்கா, கம்பெனிக்குப் பேர் மாத்துறாங்க. கூப்பிட்டா வந்து சொல்வீங்களா?"

"என்ன பேரு?"

சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கீழே துணி தேய்க்கிற ஆள் பெட்டியை நிறுத்தி மேலே பார்த்தார்.

"கூப்பிட்டா வரேன். கேக்காம பேசினதுக்கு ஒரு தடவை வேலை போச்சு. இந்தத் தடவை அவங்க வாயால கேக்கணும்."

இன்று காலை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலில் புதுப் பேர்ப்பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். விழாப் பொறுப்பாளர் ஓர் இளம் பெண். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். "நீங்கதானா ஐயா கோபுரக்காரர்? உங்க சகலை உங்களைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சு நாங்க எல்லாரும் அழுதுட்டோம்" என்றாள். இங்கேயும் நீங்களே!

ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். கைநாட்டுத்தான் என்றேன். மை டப்பாவைத் தேடி மூன்று மேசை அலசினார்கள். அந்த ஆபீசிலேயே மை இல்லை. கடைக்கு ஆள் போயிருந்தது.

"அந்த டைப்பிஸ்ட் அம்மாவை விசாரிச்சீங்களா?" என்றேன்.

"பதிவேட்டுல ஒரு மாசச் சம்பளம்தான் ஐயா இருக்கு. முகவரி இல்லை. தவறியிருப்பாங்கன்னு விட்டுட்டோம். அழைப்பிதழ் இன்னிக்கு அச்சுக்குப் போகணும், மேடையில ஒருத்தர்தான் பேசுறார்." பழைய போட்டோவை மேசையில் வைத்தாள். "இதுல இருக்கிறவங்களை மட்டும் ஒருதடவை சொல்லிடுங்க. சரிபார்த்துக்கிறேன்."

நான் விரல் வைத்துச் சொன்னேன். இஞ்சினியர், மாரடைப்பில் போனார். முதலாளி, வெளிநாட்டில் போனார். கணக்கர், பாலத்து விபத்தில். இசைத்தட்டு வைக்கிறவர், சர்க்கரையில் கால் எடுத்து, பிறகு போனார். வாயில்காவலர், டிரைவர், முதலாளியின் தம்பி, மேனேஜர், எல்லாரும் போனார்கள். இரவல் கோட்டுக்காரர் இருக்கிறார், வரமாட்டேன் என்று எழுதிவிட்டார். கம்பளிக்கு மேலே எட்டு விரல், அது நான்.

மை வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "அப்போ உங்க பேரையே போட்டுடலாமா ஐயா?"

நாக்கு நுனியில் புதுப் பேர் வந்து நின்றது, குளியலறையில் வந்த மாதிரியே. நல்லபடியாகச் சொல்லியிருப்பேன், சகலை. உங்களைவிட நன்றாக. விரலை மையில் வைக்காமல், போட்டோவில் உங்களுக்குப் பக்கத்தில் தாள் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மேல் வைத்தேன்.

"எழுதிக்கம்மா. நீதிமன்றத்துக்குப் பின்தெரு, லாண்டரி மாடி. நீயே நேர்ல போய்க் கேட்கணும். இவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. டைப்பிஸ்ட் அக்கா."